முதற்பொருளும் ஒளிப்படக் கலையும்: பெரம்பலூர், அரியலூர் மாணவர் பயிற்சியை முன்னிட்டு ஒரு விளக்கம்

முன்னுரை

ஒளியைக் கொண்டு தீட்டப்பெறும் ஓவியமே ஒளிப்படம். ஓவியனுக்கு வண்ணமும் தூரிகையும் எவ்வாறோ, அவ்வாறே ஒளிப்படக் கலைஞனுக்கு ஒளியும் நிழலும். இக்கலை தமிழகத்திற்குப் புதிதன்று. 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் அந்நூற்றாண்டிலேயே ஒளிப்படப் பயிற்சியும் இடம்பெற்றது. 1858-ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அலுவலர், சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராய்த் தஞ்சை, மதுரை முதலிய ஊர்களுக்குச் சென்று கோயில்களைப் படம் எடுத்தார். தாளின்மேல் எதிர்ப்படம் எடுத்துப் பின்னர் அதிலிருந்து படியெடுக்கும் முறை அவர் கையாண்டது. அம்முறையில் கருவியை நெடுநேரம் அசையாது நிறுத்த வேண்டும். ஆதலின், எங்கு நிற்பது, எப்பொழுது எடுப்பது என்னும் இரண்டையும் முன்னரே எண்ணித் துணியாமல் ஒரு படமும் எடுத்தல் இயலாது.

இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் கைப்பேசி உள்ளது. அதனுள் காமிராவும் உள்ளது. நொடிக்குள் பல படங்களை எடுக்கலாம். கருவி எளிதாயிற்று, கலை எளிதாகவில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கவின்கலை நோக்குடன் ஒளிப்படம் பயிலும் மாணவர்தம் படங்களில் ஒளியமைப்பும் படவமைப்பும் சிறக்கும் வழி யாது என்பதை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். புதிய கருவி வாங்குமாறு கூறுவது எம் நோக்கமன்று. தமிழ் மரபில் ஏற்கெனவே உள்ள ஓர் எண்ணமுறை இம்மாணவர்க்குக் கைகொடுக்கும் என்பதே யாம் கூற வருவது.

மாணவர் படங்களிற் காணும் குறைகள்

மாணவர் படங்களைத் தொகுத்து நோக்குவார்க்குச் சில குறைகள் மீண்டும் மீண்டும் தென்படும். நடுப்பகலில் எடுத்தமையால் சிற்பங்களின் கண்குழியும் மூக்கின் கீழ்ப்பகுதியும் கரிய நிழலாய்க் கிடத்தல் ஒன்று. அந்நிழலைப் போக்க எண்ணிப் பிளாஷ் விளக்கைப் பயன்படுத்த, கல்லின் மேடு பள்ளம் எல்லாம் மறைந்து சிற்பம் தட்டையாதல் மற்றொன்று. எப்பொருளையும் சட்டத்தின் நடுவிலேயே வைத்தல், கோபுரத்தை அண்ணாந்து எடுத்துச் சாய்த்துவிடுதல், மின்கம்பியும் அறிவிப்புப் பலகையும் காட்சியினுள் நுழைந்திருத்தலைக் கவனியாமை ஆகியன பிற. இவற்றை எல்லாம் பின்னர்க் கைப்பேசியிலேயே நிறமேற்றித் திருத்திவிடலாம் என்னும் எண்ணம் இவற்றினும் பெரிய குறை.

இவை தனித்தனிக் குறைகள் போலத் தோன்றினும் இவற்றின் வேர் ஒன்றே. மாணவர் பொருளைக் கண்டவுடன் படம் எடுக்கின்றனர். அப்பொருள் நிற்கும் இடத்தையும் அதன்மேல் ஒளி வீழும் பொழுதையும் எண்ணுவதில்லை.

முதல், கரு, உரி

தொல்காப்பியர் அகப்பாட்டிற்குரிய பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். மாவும் மரமும் புள்ளும் பறையும் போல்வன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல் முதலிய ஒழுக்கங்கள் உரிப்பொருள். இம்மூன்றும் கூறப்பெற்ற முறையானே ஒன்றினொன்று சிறந்தன என்பதும் அவர் கருத்து. எனவே பாட்டிற்கு உயிராவது உரிப்பொருளே. ஆயினும் அது நிலத்தையும் பொழுதையும் அடியாகக் கொண்டே நிற்கின்றது.

தொல்காப்பியர் ஒளிப்படத்தை நினைந்து இலக்கணம் செய்தார் என்பது எம் கூற்றன்று. செய்யுளுக்கென வகுத்த இம்முறை, ஒரு காட்சியை அமைப்பார்க்கும் பொருந்துகின்றது என்பதே கருதத்தக்கது. ஒளிப்படத்தில் நிலம் என்பது எடுப்போன் நிற்குமிடம். பொழுது என்பது ஒளி. கோயில், மரம், மனிதர் முதலியன கரு. காண்பார் நெஞ்சில் எழ வேண்டிய உணர்வு உரி. நம் மாணவர் கருவிலிருந்து தொடங்கிக் கருவிலேயே நின்றுவிடுகின்றனர். முதலைக் கைவிட்டமையால் உரியை எய்தும் வழி அவர்க்கு அடைபடுகின்றது.

பொழுது: கங்கைகொண்ட சோழபுரத்துச் சுவர்கள்

பொழுதின் ஆற்றலை அறிய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தினும் சிறந்த பயிற்சிக்களம் இல்லை. முதலாம் இராசேந்திரன் எடுப்பித்து 1035-ஆம் ஆண்டில் நிறைவுற்ற அக்கோயில், 2004-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. கிழக்கு நோக்கிய கோயிலாதலின் அதன் புறச்சுவர்கள் நாற்றிசைக்கும் நேராக நிற்கின்றன. தென்சுவரில் ஆடவல்லானும் மேலைச்சுவரில் இலிங்கோற்பவரும் வடசுவரில் நான்முகனும் கோட்டங்களில் விளங்குகின்றனர். ஒவ்வொரு சுவருக்கும் ஒளி பெறும் காலம் வேறு.

இவ்வூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. இதனால் விளையும் ஓர் உண்மையை மாணவர் உளங்கொளல் வேண்டும். ஏறத்தாழ ஏப்ரல் 20 முதல் ஆகஸ்டு 23 வரை உச்சிப்பொழுதில் ஞாயிறு நம் தலைக்கு வடபுறமாகச் செல்கின்றது. அந்நான்கு திங்களில் நாள் முழுதும் வெயில் வடசுவரிலேயே படும். தென்சுவருக்கு நேர்வெயில் இல்லை. செப்டம்பர் 23 முதல் மார்ச்சு 21 வரை நிலைமை தலைகீழாகும். தென்சுவர் வெயில் பெறும், வடசுவர் நாள் முழுதும் நிழலில் இருக்கும். இடைப்பட்ட திங்கள்களில் வடசுவருக்குக் காலையிலும் மாலையிலும் சிறிது வெயில் உண்டு. நடுவேளையில் வெயில் தென்சுவருக்குரியது.

ஆகவே திசம்பரில் செல்லும் மாணவர், ஆடவல்லான் திருமேனியைக் காலையிற் காண வேண்டும். அப்பொழுது ஞாயிறு தென்கிழக்கில் தாழ்ந்து நிற்க, ஒளி சுவரைத் தழுவிக்கொண்டு பக்கவாட்டில் வரும். தூக்கிய திருவடியும் வீசிய கையும் தத்தம் நிழலால் சுவரினின்று பிரிந்து முன்வந்து நிற்கும். அதே சிற்பத்தை நண்பகலில் எடுப்பின் ஒளி ஏறத்தாழ 55 பாகை உயரத்திலிருந்து முன்புறமாய் வீழும். கோட்டத்தின் மேல்விளிம்பு நிழல் செய்யும். திருமேனியின் திரட்சி குன்றும். கல்லிற் பொறித்த தேய்ந்த எழுத்துகளுக்கும் இவ்விதியே பொருந்தும். நேரொளியில் மறையும் கீறல், பக்கவொளியில் எழுத்தாய்த் தெரியும். கல்வெட்டுப் பயிலும் தமிழ் மாணவர்க்கு இது பெரும்பயன் தருவதாகும்.

நிழலில் உள்ள சுவரைப் பயனற்றது என ஒதுக்கலாகாது. வானத்தின் பரந்த ஒளியும் முற்றத்துத் தரையினின்று எழும் எதிரொளியும் அங்கே மென்மையாகப் பரவும். திரட்சி குறையினும் முகத்தின் நுட்பம் புலப்படும். வீரம் தோன்ற வேண்டிய படத்திற்குப் பக்கவொளியும், அமைதி தோன்ற வேண்டிய படத்திற்குப் பரவொளியும் ஏற்பன. பெரும்பொழுதும் சிறுபொழுதும் எனப் பழந்தமிழர் காலத்தைப் பகுத்தமை, ஆண்டின் ஒளியும் நாளின் ஒளியும் வேறுவேறு என்பதை நமக்கு நினைவூட்டுகின்றது. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்னும் ஆறனுள், எற்பாட்டைப் பொழுது சாயும் வேளை எனக் கொள்ளும் வழக்கை ஈண்டு மேற்கொண்டால், மேலைச்சுவரின் இலிங்கோற்பவரைக் காண்டற்கு உரிய பொழுது அதுவே.

நிலம்: நிற்குமிடம்

படவமைப்பு என்பது பொருள்களை அடுக்குதல் அன்று. கோயிலையும் மலையையும் நாம் அடுக்க இயலாது. நாம் நகரத்தான் இயலும். எனவே படவமைப்பின் முதல் வினை காலால் செய்யப்படுவது.

கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் ஏறத்தாழ 53 மீட்டர் உயரமுடையது. தஞ்சை விமானம் நேர்கோடாய் நிமிர்ந்து எழ, இது மெல்ல வளைந்து ஏறுகின்றது. அவ்வளைவே இதன் தனிச்சிறப்பு. அருகில் நின்று காமிராவை அண்ணாத்தி எடுக்கும் மாணவர் படத்தில் விமானத்தின் இருபுறமும் உட்சாய்ந்து ஒன்றையொன்று நெருங்கும். சிற்பி செய்த வளைவு எது, காமிரா செய்த சாய்வு எது எனக் காண்பார் பிரித்தறிய மாட்டார். அழகுக்குறை மட்டுமன்று இது. கட்டடக் கலையைப் பற்றிய பொய்யுமாகும். இதற்கு மாற்று எளிது. முற்றத்தின் ஓரம்வரை பின்னே செல்க. காமிராவை நிலத்திற்குச் செங்குத்தாக நிறுத்துக. முன்னே புல்தரை மிகுதியாக விழுமாயின் விழட்டும். பின்னர் அதனை வெட்டிக் குறைக்கலாம். நேராக எடுத்த படத்தைக் குறைத்தல் எளிது; சாய்ந்த படத்தை நிமிர்த்துதல் அரிது.

டிரைப் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை எடுத்த முறை ஈண்டு நினையத்தக்கது. 21 படங்களை எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் ஆக்கினார். சுவருக்கும் கருவிக்கும் இடைப்பட்ட தொலைவு மாறிக்கொண்டே இருப்பின் எழுத்துகளின் அளவும் மாறி, ஒட்டுகள் பொருந்தா. இடத்தைக் கணித்து நிற்கும் ஒழுங்கு எத்துணைப் பயன் தரும் என்பதற்கு இது சான்று.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரம் வேறொரு சிக்கலை எழுப்புகின்றது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கிரிட்டேசியஸ் காலத்து மரம் அது. கல்லாய் மாறி 18 மீட்டர் நீளத்திற்குக் கிடக்கின்றது. முழுவதையும் பக்கவாட்டில் ஒரு சட்டத்துள் அடக்கினால் மெல்லிய கோடாய்த் தோன்றும். ஒரு முனையில் தாழ்ந்து நின்று, மரம் சட்டத்தின் கீழ்மூலையிலிருந்து உள்நோக்கி ஓடுமாறு அமைத்தால் அதன் நீளம் காண்பாரை இழுத்துச் செல்லும். தொலைமுனையில் ஒருவர் நிற்பின் அளவும் புலனாகும். அளவறியாப் பொருளுக்கு அறிந்த பொருளை அருகில் வைத்துக் காட்டல், உவமை கூறுதலை ஒக்கும்.

சட்டத்தை மூன்றாகப் பகுத்து முதன்மைப் பொருளைப் பகுப்புக் கோட்டில் வைக்குமாறு கையேடுகள் கூறும். நடுவில் வைக்கும் பழக்கத்தைப் போக்க அவ்விதி உதவும். ஆயின் கிழக்கு வாயிலுக்கு நேரே நின்று இருபுறமும் ஒத்த கோயிலைக் காட்டும்பொழுது நடுவே உரிய இடம். விதி பயிற்சிக்கு உதவுவது. பொருளின் இயல்பு விதியினும் வலிது.

நிழலின் பயன்: காரைப் பள்ளங்கள்

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரை அடுத்த களிமண் நிலம் மழைநீரால் அரிக்கப்பட்டு எண்ணிறந்த ஓடைகளும் முகடுகளுமாய்க் கிடக்கின்றது. பண்டு கடல் பரந்திருந்த நிலம் அது. கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் அங்கும் அதன் சுற்றுப்புறத்தும் கிடைக்கின்றன. நண்பகலில் அங்குச் செல்வார், ஏன் வந்தோம் என எண்ணுவர். நிழலின்மையால் பள்ளமும் மேடும் ஒரே வெளிர்நிறமாய்த் தோன்றும். ஞாயிறு தாழ்ந்தபின் அதே நிலம் வேறாகின்றது. ஒவ்வொரு முகடும் ஒருபுறம் ஒளியும் மறுபுறம் நிழலும் பெற்று வரிவரியாய் எழுகின்றது. நிலத்தின் வடிவை எழுதுவது ஒளியன்று, நிழலே என்பதை மாணவர் இங்கே கண்கூடாக அறிவர். ஞாயிற்றை முதுகில் கொண்டு நிற்பின் நிழல்கள் பொருள்களின் பின்னே மறையும். ஞாயிறு பக்கத்தில் இருக்குமாறு நிற்றலே இங்கு ஏற்றது.

திண்ணையும் கோட்டை வாயிலும்

மனிதரைப் படம் எடுத்தற்குக் கூடமும் விளக்குகளும் வேண்டுமென மாணவர் கருதுவர். நம் ஊர்களின் பழைய திண்ணையே சிறந்த கூடம். தாழ்ந்த கூரை உச்சியொளியைத் தடுக்கின்றது; தெருப்புறத்திலிருந்து மட்டும் ஒளி பக்கவாட்டில் வருகின்றது; வெள்ளையடித்த சுவர் அவ்வொளியைத் திருப்பி நிழலை இளக்குகின்றது. சுவர் தொலைவாயின் இருவர் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தாலே போதும். அமர்ந்திருப்பவர் முகத்தைத் தெருவை நோக்கிச் சிறிது சிறிதாகத் திருப்பச் செய்து, ஒளி கண்ணில் ஒரு புள்ளியாய்ச் சுடர்விடும் நிலையில் நிறுத்துக.

இருள் மிக்க இடத்தில் ஒளி நடந்துகொள்ளும் முறையைப் பெரம்பலூரை அடுத்த ரஞ்சன்குடிக் கோட்டையிற் கற்கலாம். பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்த அக்கோட்டையின் உட்புறங்களில் வாயில் வழியே ஒளி நுழையும். வாயிலின் அளவைவிடத் தொலைவு மிகும்பொழுது, 2 மீட்டரில் நின்றவர் 4 மீட்டருக்குப் பெயர்ந்தால் அவர்மேல் படும் ஒளி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். எனவே ஓரடி முன்னும் பின்னும் நகர்தல் பெரிய மாற்றம் தரும். வாயிலருகே நிற்பவர் முகத்திற்கு ஏற்ப ஒளியளவை அமைத்துவிட்டால் பின்னுள்ள அறை தானே இருளில் ஆழும்; வேண்டாத பொருள்கள் மறையும். விலக்க வேண்டியதை விலக்கலும் படவமைப்பே அன்றோ!

கருவியின் கணிப்பும் எடுப்போன் தெளிவும்

காமிரா தன் முன்னுள்ள காட்சியைச் சராசரிச் சாம்பல் நிறமாகக் கருதியே ஒளியை அளக்கின்றது. கரிய கல்லைச் சட்டம் நிறைய எடுத்தால் அதனைச் சாம்பலாக்க முயன்று மிகை ஒளி ஏற்கும். வெண்மை நிறைந்த காட்சியை மங்கச் செய்யும். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிப் பறவைகள் காப்பிடம் 2024-ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் அங்கு வருகின்றன. அங்கே இருண்ட நீர்ப்பரப்பில் நிற்கும் வெண்கொக்கைத் தானியங்கி முறையில் எடுத்தால், கருவி இருளுக்கு இரங்கி ஒளியை மிகுத்துவிடும். கொக்கின் இறகுகள் நுட்பமின்றி வெறும் வெள்ளையாய்ப் போம். அவ்வாறு வெளுத்த இடத்தை எத்திருத்தத்தாலும் மீட்டல் இயலாது. கைப்பேசித் திரையில் கொக்கைத் தொட்டு, ஒளியளவைச் சற்றுக் குறைத்து எடுத்தல் வேண்டும். வெண்மையைக் காத்துவிட்டால் இருளைப் பின்னர் ஓரளவு உயர்த்திக்கொள்ளலாம்.

உரிப்பொருள்

ஒளியும் இடமும் செம்மையுற்றால் மட்டும் படம் கலையாகிவிடாது. கங்கைகொண்ட சோழபுரத்தின் வடவாயிலை ஒட்டியுள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தியை நோக்குவோம். உமையுடன் அமர்ந்த இறைவன், கைகூப்பி அமர்ந்த சண்டேசரின் தலையில் மலர்மாலையைச் சுற்றுகின்றான். இச்சிற்பத்தின் உரிப்பொருள் அருள். அது இறைவன் கைகளுக்கும் அடியார் தாழ்ந்த தலைக்கும் இடையே நிகழ்கின்றது. அவ்விரண்டையும் இணைத்துக் காட்டாது, இறைவன் முகத்தை மட்டும் நெருங்கி எடுத்த படம் எத்துணைத் தெளிவாயினும் பொருளை இழந்த படமே. எனவே ஒவ்வொரு காட்சியின் முன்னும், இங்கு நிகழ்வது யாது, அது எங்கே நிகழ்கின்றது என மாணவர் தம்மைத் தாமே வினாவுதல் வேண்டும்.

இவ்வினா மனிதரைப் படம் எடுக்கும்பொழுது மேலும் கூர்மை பெறுகின்றது. அரியலூர்ப் பகுதி சுண்ணாம்புக்கற் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் மிக்கது. பாறை ஏற்றிச் செல்லும் லாரிகளின் புழுதி மாலையொளியில் பொன்னாய் ஒளிரும். பின்னொளியில் அது கண்ணைக் கவரும் காட்சியே. ஆயின் அப்புழுதியை மூக்கில் ஏற்பவர் தெருவோரத்து மக்கள். அழகை மட்டும் காட்டின் உண்மை குறையும். அவலத்தை மட்டும் காட்டின் அம்மக்களின் மாண்பு குறையும். அவரிடம் பேசி, இசைவு பெற்று, எடுத்த படத்தை அவர்க்கே முதலிற் காட்டுவது மாணவர் மேற்கொள்ளத்தக்க ஒழுக்கம்.

பயிற்சி முறை

மேற்கூறியவற்றை நடைமுறைப்படுத்த எளிய பயிற்சி ஒன்றைப் பரிந்துரைக்கின்றோம். மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரே பொருளைத் தேர்க. கோயிலே ஆக வேண்டுவதில்லை, கிணற்றடியும் புளியமரமும் போதும். முதல் நாள் படம் எடாமல், எச்சுவர் எத்திசை, எப்பொழுது எங்கே நிழல் எனக் குறிப்பேட்டில் எழுதுக. அடுத்த நாள் காலை, நண்பகல், எற்பாடு ஆகிய முப்பொழுதும் ஒரே இடத்தில் நின்று எடுக்க. மூன்றாம் நாள் ஒரே பொழுதில் நிற்குமிடத்தை மட்டும் மாற்றி ஐந்து படங்கள் எடுக்க. முதற்பயிற்சி ஒளியையும் இரண்டாவது அமைப்பையும் தனித்தனியே உணர்த்தும். இறுதியில் எட்டனுள் ஒன்றைத் தேர்ந்து, அதனைத் தேர்ந்த காரணத்தை ஐந்து வரிகளில் தமிழில் எழுதுக. காரணம் எழுத இயலாத படம் தற்செயலாய் அமைந்தது என அறிக. தொல்லியல் துறையின் காப்பிலுள்ள இடங்களில் முக்காலி முதலியவற்றைப் பயன்படுத்த முன்னிசைவு வேண்டும் என்பதையும், கருவறையிற் படம் எடுத்தல் கூடாது என்பதையும் மாணவர்க்கு முன்னரே அறிவுறுத்துதல் ஆசிரியர் கடன்.

முடிவுரை

ஒளியமைப்பு என்பது பொழுதறிதல். படவமைப்பு என்பது நிலமறிதல். இரண்டும் உரிப்பொருளை நோக்கியே அமைதல் வேண்டும். இம்மூன்றையும் விலை கொடுத்து வாங்க இயலாது. நடந்தும் காத்திருந்துமே பெறலாம்.

படம் எடுப்பதற்குரிய அழகு தஞ்சையிலும் மலைநாட்டிலும் உண்டு, வறண்ட நம் ஊரில் இல்லை என்னும் எண்ணம் இம்மாவட்ட இளைஞர் பலரிடம் உள்ளது. அழகின்மை அன்று, அதற்குரிய பொழுதில் சென்று காணாமையே இவ்வெண்ணத்திற்குக் காரணம். கல்லும் தேய்கின்றது, காரை முகடுகளை ஒவ்வொரு மழையும் அரிக்கின்றது, சுரங்கம் வளர நிலத்தின் முகம் மாறுகின்றது. இன்று ஒரு மாணவர் பொழுதறிந்து எடுக்கும் நேரிய படம், நாளை வருவார்க்குச் சான்றாகவும் நிற்கும். அத்தகைய படங்கள் இம்மண்ணின் மாணவர் கைகளாலேயே பெருகுதல் வேண்டும் என்பது எம் அவா.